பதினோராயிரம் கிலோமீட்டர் தள்ளி

ஜூன் 18, ஞாயிறு

ஆக்லாந்துக்கு வந்து எட்டு நாளாகிறது. இன்றுதான் நோட்டைத் திறக்க நேரம் வாய்த்தது. பாளையங்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஷிப்ட் முடிந்ததும் லாக் எழுதிய கை இது. நாலு வரி எழுதாமல் படுத்தால் அடுப்பை அணைக்காமல் வந்த மாதிரி இருக்கிறது.

மழை. இந்த ஊரில் துணி காய்வதில்லை, சும்மா தொங்குகிறது. பிறந்து நாலு நாளான பாப்பாவுக்கு எத்தனை துணி! ஹீட்டருக்கு முன்னால் நாற்காலி நாற்காலியாய்ப் போட்டு வைத்திருக்கிறேன். மகள் செண்பகாவுக்குப் பூண்டுக் குழம்பு வைத்தேன். மாப்பிள்ளை குற்றாலநாதன் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, "வாசனை நல்லாருக்கு அத்தை" என்கிறார். நல்லாயிருந்தால் ஜன்னலைத் திறப்பானேன்? இருந்தாலும் நல்ல பிள்ளை. பாத்திரம் கழுவுகிறார்.

ஊரில் என் வீட்டுக்காரர், இவர், தனியாக இருக்கிறார். ஆறு மாசம் நான் இங்கே, அதற்குப் பிறகு சம்பந்தியம்மாள் வருவார்கள். இவரையும் கூப்பிட்டார்கள்தான். "அந்தக் குளிர்ல நான் என்னத்த செய்ய? நீ போய்ட்டு வா" என்றுவிட்டார். ஆவுடையப்பன் என்று பெயர் வைத்தது சரிதான், லிங்கத்துக்கு அடியில் இருக்கிற ஆவுடை மாதிரி இடத்தை விட்டு அசையவே மாட்டார்.

நான் கிளம்பிய அன்று இவர் செய்த கூத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள் செண்பகா. ஏதோ ஒரு இணையதளத்தில் திருவனந்தபுரம், ஆக்லாந்து என்று தட்டினாராம். பதினோராயிரத்து இருநூற்றெழுபது கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினாலரை மணி என்று வந்ததாம். அப்படியே தினசரி காலண்டர் தாளில் குறித்து வைத்துக்கொண்டார். எங்கும் இறங்காமல் நேர்கோட்டில் பறந்தால் ஆகும் கணக்கு அது. அப்படிப் பறக்கிற விமானமே கிடையாது என்று அவருக்கு யார் சொல்ல? சிங்கப்பூரில் என்னை ராத்திரி முழுக்க உட்கார்த்தி வைத்தார்கள். பதினாலரை மணி தாண்டியதும் மனிதர் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "விமானத்தைக் காணல" என்று அழாத குறை. மாப்பிள்ளை புரியவைத்த பிறகும், "அப்பம் எதுக்கு பதினாலரைன்னு போடுதான்?" என்று ரெண்டு நாள் அதே பாட்டுத்தான்.

ஜூன் 24, சனி

தினமும் இங்கே மத்தியானம் ஒன்றரைக்கு இவர் போன் வரும். அங்கே காலை ஏழு. பல் தேய்த்துக் காபி குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். என்ன சமைத்தார், யார் வந்தார், கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, எல்லாம் ஒப்பிப்பார். எனக்குக் கேட்கப் பொறுமை இல்லை. கேட்கிறேன்.

இன்று மாடித் தொட்டியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "நாளைக்குப் பாக்கேன்" என்றார். நேற்றும் நாளைக்குத்தான். "மாடி ஏற அவ்வளவு சோம்பேறித்தனமா உங்களுக்கு?" என்று பிடித்துக்கொண்டேன். சிரித்தார். சிரிப்புக்கும் பேச்சுக்கும் நடுவில் லைன் விட்டு விட்டு வந்தது. இந்த வாட்ஸப் காலுக்கு எங்கள் பழைய டிரங்க் காலே தேவலை. ஒரு குரலைக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் நின்று பேசுகிறாரா உட்கார்ந்து பேசுகிறாரா என்று சொல்லிவிடுவேன் அந்தக் காலத்தில்.

பாப்பா இன்று விரலைப் பிடித்தாள்.

ஜூலை 2, ஞாயிறு

இவருடைய அத்தை வள்ளியாச்சி நேற்று போய்விட்டார்கள். தொண்ணூறு வயசு, கல்யாணச் சாவுதான். மகன் மஸ்கட்டில். வழக்கம்போல் இவர்தான் அவனுக்குப் போன் போட்டிருக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் துஷ்டி விழுந்தால் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்லும் வேலை இவருடையது. சொல்லும் வேலை என்ன, சொல்லாமலிருக்கும் வேலை. அவருக்கென்று ஒரு பாடம் வைத்திருக்கிறார், எழுத்துப் பிசகாது. "ஒண்ணும் பதறாத. அம்மைக்குக் கொஞ்சம் முடியல. ஆஸ்பத்திரில சேத்துருக்கோம், டாக்டர் பாக்காவ. டிக்கெட் கெடச்சா ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்." ஃப்ரீசர் பெட்டிக்கு வாடகை பேசிக்கொண்டே இதைச் சொல்லுவார். குரல் கொஞ்சம்கூட ஆடாது.

"இப்படிப் புழுகுறதுக்கு வெக்கமா இல்லையா?" என்றேன் இன்று.

"ஏட்டி, வானத்துல இருக்கவன்கிட்ட சாவச் சொல்லக் கூடாது. எறங்கி, நம்ம தோள்ல கைய வச்ச பெறவுதான் அவனுக்குத் தெரியணும். நடுவுல அழுதாம்னா யாரு இருக்கா புடிச்சிக்க?"

"உங்களுக்குப் புழுக ஒரு சாக்கு" என்று சொல்லி வைத்தேன்.

ஜூலை 5, புதன்

பாப்பாவுக்கு வசம்பு உரசிக் கொடுக்கக் கூடாதாம், இங்கே நர்ஸ் சொல்லிவிட்டாள். சரி, உங்கள் ஊர், உங்கள் சட்டம்.

ஜூலை 10, திங்கள்

இவர் போன் வந்தபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "அப்புறம் பேசுதேன், வைங்க" என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் கூப்பிட நினைத்தேன், பாப்பா விடவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

ஒன்றரைக்குப் போன் அடித்தது. இவர் நம்பர் இல்லை. கொழுந்தன் பிச்சையா.

"மைனி, நான் பிச்சையா பேசுதேன். ஒண்ணும் பதறாதீய."

கையிலிருந்த துணியை நாற்காலியில் போட்டேன்.

"அண்ணனுக்கு விடியக்காலம் லேசா நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். டாக்டர் பாக்காவ. டிக்கெட் கெடச்சா ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன் மைனி."

ஒரு எட்டு! பதினோராயிரம் கிலோமீட்டர் ஒரு எட்டாம். அண்ணன்காரர் சொல்லிக் கொடுத்த பாடம், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

"அவுககிட்ட போனக் குடுங்க" என்றேன்.

"ஐசியுல இருக்காவ மைனி. வாயில கொழா வச்சிருக்கு, பேச முடியாது."

"ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"உள்ள போனு கொண்டு போகக் கூடாதுங்காவ."

"யாரெல்லாம் வந்திருக்கா?"

கொஞ்சம் தயங்கினார். "எல்லாரும்தான் வந்திருக்காவ."

அவர் பேசப் பேச பின்னால் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலியை அடுக்கிலிருந்து உருவி உருவித் தரையில் இழுத்துப் போடுகிற சத்தம். முப்பது வருஷம் காதால் சம்பாதித்துச் சாப்பிட்டவள் நான். எந்த ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்கு நாற்காலி போடுவார்கள்? நாற்காலி வீட்டு வாசலில் போடுவார்கள். பந்தலுக்குக் கீழே போடுவார்கள்.

"சரி, வாரேன்" என்று மட்டும் சொன்னேன். என் குரலும் ஆடவில்லை.

செண்பகா பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்று ஒரு மாசம் ஆகவில்லை. பச்சை உடம்பு. இவளிடம் என்னவென்று சொல்ல? "அப்பாவுக்கு லேசா நெஞ்சு வலியாம். தனியா இருக்காவல்லா, நான் போய்ப் பாத்துட்டு ஒரு மாசத்துல வந்துருதேன்" என்றேன். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. சரி என்று தலையாட்டினாள். அப்பாடா, நம்பிவிட்டாள்.

மாப்பிள்ளை லேப்டாப்பில் டிக்கெட் தேடினார். சீக்கிரம் கிடைத்தது நாளை மத்தியானம்தான். சிங்கப்பூரில் மறுபடியும் ராத்திரி முழுக்கக் காத்திருப்பு. "இருபத்தேழு மணி நேரம் ஆகும் அத்தை, வேற வழியில்லை" என்றார். "பரவால்ல மாப்ள, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். எனக்கு இனிமேல் என்ன அவசரம்?

ஜூலை 12, புதன்
விமானத்தில்

காலையில் செண்பகா குளித்துவிட்டு வந்து என்னைப் பூஜை அலமாரிக்கு முன்னால் உட்காரச் சொன்னாள். தலை பின்னிவிட்டாள். வளைகாப்பில் மிச்சமிருந்த கண்ணாடி வளையலை எடுத்து ரெண்டு கையிலும் அடுக்கினாள். குங்குமத்தைக் குழைத்து நெற்றியில் பெரிசாக வைத்தாள். வகிட்டில் வைத்தாள், தாலியில் வைத்தாள். இவளுக்கு என்றைக்கு இந்த வழக்கம்? கல்யாணத்தன்றே ஸ்டிக்கர் பொட்டு போதும் என்று என்னிடம் மல்லுக்கு நின்றவள். கை நடுங்கியது. பிள்ளை பெற்ற பலவீனம். நன்றாகச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜன்னல் சீட். முன்னால் இருக்கிற திரையில் குட்டி விமானம் கடலுக்கு மேல் நிற்கிறது. எப்போது பார்த்தாலும் அதே இடத்தில் நிற்கிற மாதிரியே இருக்கிறது. பக்கத்தில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிக் குறைந்துகொண்டே வருகிறது. இவர் இருந்திருந்தால் இதையே பார்த்துக்கொண்டு வந்திருப்பார்.

இருந்திருந்தால் என்று எழுதிவிட்டேன்.

சாப்பாடு வந்தது, வேண்டாம் என்றேன். அந்தப் பெண் மூன்று தடவை கேட்டுவிட்டாள். உடம்பு நடுவீட்டில் கிடக்கும்போது வாயில் பருக்கை படலாமா? தண்ணீர் மட்டும் குடித்தேன்.

ஃப்ரீசர் பெட்டியை முன்ஹாலில்தான் வைத்திருப்பார்கள். டிவி ஸ்டாண்டை நகர்த்தினால்தான் இடம் வரும், நகர்த்தினார்களோ என்னவோ. நாங்கள் பெற்றது ஒரு பெண். கொள்ளி வைக்கப் பிச்சையாவின் மகன் இருக்கிறான். பட்டு வேட்டி பீரோவில் மூன்றாம் தட்டில் இருக்கிறது, சாவி அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கிறதா? சொல்லாமல் கொள்ளாமல் போவதற்கு யாரிடம் கேட்டீர்கள்? பால் பொங்கினால் பொங்கிவிட்டுப் போகிறது, "பேசுட்டி" என்று ஒரு அதட்டுப் போட்டிருக்கக் கூடாதா? நீங்கள் என்றைக்கு என்னை அதட்டினீர்கள். நடுவில் யார் இருக்கா பிடிச்சிக்க என்று கேட்டீர்களே, ஒருத்தரும் இல்லை. பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். உங்கள் வித்தையெல்லாம் மஸ்கட் பையனிடம் பலிக்கும். கூடவே இருந்து பார்த்த என்னிடம் எப்படிப் பலிக்கும்? எனக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்துகொண்டே இவ்வளவு தூரத்தையும் தனியாகக் கடக்கிறேன். எனக்கு அழுகை வருகிறது. நோட்டை மூடுகிறேன்.

அதே நாள்
சிங்கப்பூர்

விமான நிலையத்து வைஃபையில் பிச்சையாவைக் கூப்பிட்டேன். "எல்லாம் நல்லபடியா இருக்கு மைனி, நீங்க நிம்மதியா வாங்க." இதுவும் பாடத்தில் உள்ளதுதான், ரெண்டாம் பக்கம். டாக்டரிடம் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். யாரோ ஒரு பையன் குரல். "சீக்கிரம் வந்துருங்கம்மா" என்றது. யாரைப் பிடித்து டாக்டராக்கினார்களோ.

செண்பகாவும் கூப்பிட்டாள். பாப்பா நன்றாகத் தூங்கினாளாம். "எம்மா, சாப்பிட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். "நீ சாப்பிட்டியா?" என்றேன். "சாப்பிட்டேம்மா" என்றாள். வைத்துவிட்டோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு சிறுமி ஐஸ்கிரீம் தின்றுகொண்டு என் பொட்டையே பார்த்தாள். கழிப்பறைக் கண்ணாடியில் நானும் பார்த்தேன். நாளைக்கு இந்நேரம் இது இருக்காது. இந்தக் காலத்தில் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், இருந்தாலும் என் கை வைக்காது. முகத்தைக் கழுவாமலே வந்துவிட்டேன்.

ஜூலை 13, வியாழன்
ஆஸ்பத்திரி வராந்தா, சாயங்காலம்

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கினேன். பிச்சையாவே காரோடு வந்திருந்தார். வீட்டில் காரியத்தை வைத்துக்கொண்டு இவர் ஏன் வந்தார் என்று நினைத்தேன். ரெண்டு நாள் தாடி, கசங்கின வேட்டி, சிவந்த கண். "வாங்க மைனி" என்று பெட்டியை வாங்கினார். தோளில் கை வைப்பார், அழலாம் என்று நின்றேன். வைக்கவில்லை. "சாப்பிட்டியளா?" என்றார்.

நாகர்கோவில் தாண்டுகிற வரைக்கும் அவர்தான் பேசினார். அடைப்பு ரெண்டு இடத்தில் என்றார், நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார், இருபது நாளாகவே மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அண்ணன் சொன்னதாகச் சொன்னார். இன்னும் ஏன் நடிக்கிறீர்கள் என்று வாய்வரை வந்தது. பாவம், கொடுத்த வேலையைச் செய்கிறார்.

கார் எங்கள் தெருவுக்குத் திரும்பவில்லை.

"வீட்டுக்குப் போகலையா?"

"நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் மைனி. சைகையில உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காவ."

பிணவறையில் வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். கீழே இறக்குவார்கள் என்று பார்த்தால் லிஃப்ட் மேலே போனது. போகிற வழியில் கேன்டீன். ஒரு பையன் பிளாஸ்டிக் நாற்காலிகளை உருவி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அதே சத்தம். அப்போதுகூட என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

சிஸ்டர் கதவைத் திறந்துவிட்டாள். மூன்றாவது கட்டில். முகத்தில் மாஸ்க், மார்பில் ஒயர், ஷேவ் பண்ணாத கன்னம். கண் திறந்திருந்தது. கண் என்னைப் பார்த்தது. கை கட்டிலிலிருந்து ஒரு சாண் எழும்பி, "வா" என்று ஆடியது.

நான் போட்ட சத்தத்தில் ரெண்டாவது கட்டில்காரர் விழித்துக்கொண்டார். இவர் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கால் சூடாக இருந்தது.

சிஸ்டருக்குக் கோபம். "என்னம்மா நீங்க? காலைலதான் குழாயை எடுத்தோம். தேறி நல்லா இருக்காரு. இப்ப வந்து இப்படி அழுறீங்க?"

ரெண்டு நாளாக நான் தாலியறுத்தவளாக இருந்தேன் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்ல?

வெளியே வந்து பிச்சையாவைப் பார்த்து, "அப்பம் நீங்க சொன்னதெல்லாம் நெசமா?" என்றேன். அவர் முழித்தார். "நெசமில்லாம, பொய்யா சொல்லுவேன் மைனி?" என்றார். மனிதர் அண்ணன் வாயில் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைகளில் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை, எனக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியவில்லை. கேன்டீனில் ஆறு இட்லி சாப்பிட்டேன். பிச்சையா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் செண்பகாவைக் கூப்பிட்டேன். ஒரே ரிங்கில் எடுத்தாள்.

"எம்மா, போய்ட்டியா? பாத்தியா?"

"பாத்தேன்ட்டி. அப்பா நல்லா இருக்காவ. கொழாய எடுத்தாச்சு. என்னைப் பாத்துக் கைய ஆட்டினாவ."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எம்மா" என்றாள். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "எனக்காகச் சொல்லாத. பச்ச உடம்புக்காரின்னு நீ மறைக்காண்டாம். சித்தப்பா போன் பண்ணுன அன்னைக்கே எனக்குத் தெரியும். நீ தனியா போகணுமேன்னுதான் நான் வாயத் தொறக்கல. எப்பம் எடுக்காவன்னு மட்டும் சொல்லு. அவரு லேப்டாப்பெல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்காரு. நான் பாக்கணும்மா."

நான் அவளிடம் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் மறைத்திருக்கிறாள். கைப்பிள்ளையோடு அந்த வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, அப்பனைப் பறிகொடுத்ததாக நினைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா" என்று என்னைக் கேட்டிருக்கிறாள்.

"ஏட்டி, சத்தியமாச் சொல்லுதேன். உசிரோட இருக்காவ. பாப்பா மேல சத்தியம்."

"பாப்பா மேலயெல்லாம் சத்தியம் பண்ணாதம்மா!" என்று கத்தினாள். பாப்பா வீரிட்டு அழுகிற சத்தம் கேட்டது.

மறுபடியும் உள்ளே ஓடினேன். சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஐசியுல போன் கூடாதும்மா" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டேன். "எம் மக அங்க அவுக சாவப் பாக்க உக்காந்துருக்கா தாயி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம். டாக்டர் வந்தா என்னைத்தான் ஏசுவாரு" என்று மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிவிட்டாள்.

வீடியோ போட்டு முகத்துக்கு நேரே பிடித்தேன். திரையில் செண்பகா. தலை வாரவில்லை, கண் வீங்கிக் கிடந்தது, பாப்பா தோளில். பின்னால் மாப்பிள்ளை. இவர் பார்த்தார். வாயைத் திறந்தார். குழாய் எடுத்த தொண்டை, வெறும் காற்றுத்தான் வந்தது. உதடு மட்டும் அசைந்தது. கை மெல்ல எழும்பித் திரையில் பாப்பாவின் தலையைத் தொட்டது.

செண்பகா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை பாப்பாவை அவள் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார். அவள் அழுது ஓயும் மட்டும் இவர் திரையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மாஸ்க்கை மறுபடி மாட்டியாகிவிட்டது. நிமிஷம் எப்போதோ முடிந்தது. வைக்கப் போனேன்.

"எம்மா, பின்னால பீப் பீப்புன்னு ஒரு சத்தம் கேக்குதே, அது என்ன?"

"அது அப்பாவுக்குப் பூட்டியிருக்கிற மிஷின்ட்டி. நெஞ்சு அடிக்கிறத எண்ணுது."

"போன அது பக்கத்துல கொண்டு போ."

கொண்டு போனேன். அவள் கேட்டாள். நானும் கேட்டேன். சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

"போதுமாட்டி?" என்றேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் புடிம்மா" என்றாள்.

பிடித்துக்கொண்டு நின்றேன்.